இருபத்துநாலு கிலோ எண்ணூறு

குவைத்தில் ஆளுக்கு அரைக் கிலோ என்கிறார் இவர்.
பதினோரு வருசம் கிரில் முன்னால் வெந்தவர்,
சொல்லட்டும்.
அங்கே ரொட்டியைக் கிள்ளிக்கொண்டு கறியைத் தின்பார்கள்.
கூத்தாநல்லூரில் சோற்றுக்குத்தான் கறி.
சுற்றிலும் சம்பா நிற்கிற ஊரில்
நெய்ச்சோறு வைக்காமல்
சுட்ட துண்டை மட்டும் தட்டில் போட்டால்
சாப்பிட்டேன் என்று ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

புதுவீட்டு விருந்து, நூற்று முப்பது பேர்,
அறுபத்தைந்து கிலோ என்று எழுதி நீட்டினார்.
கரண்ட் பில்லைத் திருப்பிப்போட்டு
நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நெருப்பின் பங்கு முதலில்.
மூன்றில் ஒன்றை அது எடுத்துக்கொள்ளும்,
கொழுப்பாய்ச் சொட்டவைத்து, சீறி, புகையாக்கி.
அதனிடம் பேரம் கிடையாது.
அதற்கும் சேர்த்தே ஆளுக்கு இருநூறு, பச்சையாக.

பிள்ளைகள் முப்பது. அரை ஆள்.
ஒரு கடி கடித்து, உறைக்குது என்று
அம்மாவின் தட்டில் வைத்துவிட்டு ஓடும் சாதி.
எலெக்ட்ரீஷியன் திருமேனியும் அவர் பையன்கள் இரண்டுபேரும்
மாலை போட்டிருக்கிறார்கள். சைபர்.
அவர்களுக்கு ஒரு சீப்பு பூவன், தனியாக.
கொத்தனாரும் சித்தாளும் பன்னிரண்டு. இரட்டை ஆள்.
வீட்டின் பாதிச் செங்கல்
வளர்மதியின் தலைமேல்தான் மாடியேறியது.
அவளுக்கு அளவு போட நான் யார்.
சுகர் இருக்கிறது, வேண்டாம் என்பவர்களை
முழு ஆளாகவே எழுதினேன்.
வேண்டாம் என்ற கைதான்
மறுமுறை தட்டை நீட்டும்.

பெயர் பெயராகக் கூட்டினால்
நூற்று இருபத்து மூன்றுதான் வருகிறது.
ஏழு உதைக்கிறது.
தெருத்தெருவாக மறுபடி எண்ணினேன்.
பள்ளிவாசல் தெரு, ஆற்றங்கரைத் தெரு,
இவர் தங்கை கட்டிப்போன பொதக்குடி.
பால் பொங்கி அடுப்பை அணைத்தது,
அப்போதும் ஏழு.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு பேர்.
இவர் அண்ணன் ஜபருல்லா, அண்ணி, மக்கள், மருமகள், கைக்குழந்தை.
நான்கு விரற்கடை மண்.
இரண்டு பெருநாளாகப் பேச்சில்லை,
வீட்டுக்கு அழைக்கவும் இல்லை.
எண்ணிக்கையில் மட்டும் வைத்திருக்கிறார் மனுசன்,
கைக்குழந்தை உட்பட.

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
கடைசி வரியில் பெயரில்லாமல் எழுதினேன்:
ஒரு கிலோ நானூறு.

"இருபத்துநாலு கிலோ எண்ணூறா?"
கறிக்கடை சம்சுகனி கத்தியை நிறுத்திவிட்டார்.
"நகையா நிறுக்கிறீங்க? இருபத்தஞ்சுன்னு சொல்லுங்க தங்கச்சி."
அந்த இருநூறுக்கு என்னிடம் ஆளில்லை என்றேன்.

அன்றைக்குப் பார்த்து அடைமழை.
மொட்டைமாடியில் தார்ப்பாய்,
அதன் கீழ் பாதியாய் அறுத்த டிரம்,
கருவேலங்கரி,
கண்ணைக் கசக்கிக்கொண்டு இவர்.
பொதக்குடிக்காரர்கள் பஸ் இல்லை என்று நின்றுவிட்டார்கள்.
கொத்தனார்கள் மட்டும்
ஒருவர் குறையாமல் நனைந்துகொண்டே வந்தார்கள்,
கணக்கை அவர்கள்தான் காப்பாற்றினார்கள்.

ஒன்பதரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து
அண்ணன் மகன் அஸ்கர், தலையில் உரச்சாக்கோடு.
"சித்தி, புகை எல்லாம் எங்க வீட்டுக்குள்ளதான் வருதாம்.
அத்தா சொல்லிட்டு வரச் சொன்னாங்க."
சொல்லிவிட்டான். போகவில்லை.
இவர் இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து
ஊதி
அவன் கையில் வைத்தார்.
நின்றபடியே ஆறு துண்டு.
நான் எண்ணினேன், எண்ணாமல் எப்படி இருக்க.

போகும்போது தூக்குச்சட்டியில் இலை போட்டு அனுப்பினேன்.
ஒரு கிலோ நானூறு
நெருப்பின் பங்கும் அஸ்கரின் பங்கும் போக
முக்கால் கிலோ இருந்திருக்கும்.
இவர் அணைந்த கரியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

இன்றைக்கு நான்காம் நாள்.
தூக்கு இன்னும் வரவில்லை.
பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வீடில்லை அது,
என்ன போடுவது என்று யோசிக்கிறார்கள் போல.

அடுத்த தடவைக்குக் குறிப்பு:
கொத்தனாருக்கு இரண்டு போதாது, இரண்டரை.